கால்வாய்க் கரையில் எல்லோருக்கும் பின்னால்

பிரான்சுக்குப் போய் சைக்கிள் ஓடுவது என்ற யோசனை என் சிநேகிதனுடையது. யாழ்ப்பாணத்துக்காரன், ஆக்லாந்தில் எலக்ட்ரீசியன். கிளென்ஃபீல்டில் வீடு. அவனுடைய மனைவி மலேசியத் தமிழ்ப்பெண், பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். அவனுக்கு அறுபது வயதாகப் போகிறது, மண்டபம் எடுத்துக் கேக் வெட்டுவதில் தனக்கு இஷ்டமில்லை, என் மனைவியையும் என்னையும் சேர்த்து நாங்கள் நால்வரும் எங்காவது போவோம் என்றான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்து பாபடோயிட்டோயில் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, போனை மேசைக்கு நடுவில் வைத்துப் படம் காட்டினான். இருபுறமும் மரங்கள், நடுவில் அசையாத ஒரு கால்வாய், கரையில் வெள்ளையாக ஒரு பாதை.

"ஒரு நாளைக்கு முப்பது கிலோமீற்றர். அவ்வளவுதான் மச்சான். பெட்டியளை ஒரு வேன் கொண்டுபோய் அடுத்த ஹோட்டலிலை இறக்கும். நாங்கள் சும்மா கதைச்சுக் கதைச்சு ஓடலாம்."

என் மனைவி கறிக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தாள். "ஓம், போவம்" என்றாள். என்னைக் கேட்கவில்லை. இருபத்தெட்டு வருடத்தில் அவள் இப்படி உடனே ஒன்றுக்கு ஓம் சொன்னதை நான் கண்டதில்லை.

நான் சிரித்தேன். மேசைக்குக் கீழே என் வலது கை முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தது.

காரணத்தைச் சொல்ல வேண்டும். நான் பஸ் ஓட்டுகிறவன். பத்தொன்பது வருடமாக ஆக்லாந்தின் தெற்கிலும் கிழக்கிலும் ஓட்டியிருக்கிறேன். அந்த ஞாயிறுக்கு ஏழு மாதத்துக்கு முன்பு, மழை தூறிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், பாட்டனி டவுன்ஸ் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஒரு பெண் எனக்கு முன்னால் சைக்கிளில் போனாள். ஈரத்தில் ரோட்டுக் கோட்டின் வெள்ளைப் பெயின்ட்டில் அவளுடைய சில்லு வழுக்கியது. அவள் விழுந்தாள், என் பஸ்சுக்கு நேர் முன்னால். பிரேக் பிடித்தேன். பின்னால் நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். பஸ் நின்றபோது அந்தப் பெண் எனக்குத் தெரியவில்லை. பஸ்சின் முன்கண்ணாடிக்குக் கீழே, நான் பார்க்க முடியாத இடத்தில் இருந்தாள்.

விரல்விட்டு எண்ணினால் நாலைந்து நொடி இருக்கும். பிறகு மஞ்சள் நிறம் எழும்பியது. அவள் சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, எனக்குக் கையைக் காட்டி, ஏறிப் போய்விட்டாள். எங்கள் டிப்போவில் கமரா பார்த்தார்கள். உன் மேல் பிழையே இல்லை, நல்ல பிரேக் என்று மேலாளர் தோளில் தட்டினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் வீட்டில் சொல்வதற்கும் ஒன்றும் இருக்கவில்லை. அப்படித்தான் நான் நினைத்தேன்.

ஆனால் அதற்குப் பிறகு ரோட்டில் ஒரு சைக்கிளைக் கண்டால் என் உள்ளங்கை வேர்த்தது. ஸ்டியரிங்கைத் துடைக்க ஒரு துவாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஒரு ஷிஃப்டில் எத்தனை சைக்கிள் வந்தது என்று வீட்டுக்கு வரும்வரை மனதில் எண்ணிக்கொண்டே இருந்தேன். அந்த நாட்களில்தான் சிநேகிதன் மேசையில் அந்தப் படத்தை வைத்தான்.

பயிற்சி எடுக்கவேண்டும் என்று சிநேகிதனின் மனைவி சொன்னாள். எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு அட்டவணை இருக்கும். சனிக்கிழமைகளில் மாங்கரேயில் கடற்கரையோரப் பாதையில் ஓடத் தொடங்கினோம். அங்கே காற்று ஒரு பக்கத்திலிருந்து வந்து ஆளைத் தள்ளும். என் மனைவி முதல் நாளே எங்கள் எல்லோரையும் விட்டுவிட்டுப் போனாள். அவள் மன்னாரில், போரால் பெட்ரோல் வராத காலத்தில் வளர்ந்தவள். முன்னுக்குத் தங்கச்சியையும் பின்னுக்கு அரிசி மூட்டையையும் வைத்து ஓடியவள். இங்கே வந்து இத்தனை வருடமாக முதியோர் இல்லமொன்றில் வேலை. ஆட்களைத் தூக்கி, குளிப்பாட்டி, படுக்க வைத்து, அவளுடைய முழங்கால் எப்படியோ கெடாமல் இருந்தது.

நான் அவளுக்குப் பின்னால் ஓடினேன். எப்போதும் எல்லோருக்கும் பின்னால். அங்கிருந்தால்தான் மூன்று பேரும் என் கண்ணில் இருப்பார்கள்.

"பின்னாலை ஆள் வருது! இடப்பக்கம் எடுங்கோ!"

"அது ஒரு நாயும் நாயின்ரை சொந்தக்காரனும் மச்சான்" என்றான் சிநேகிதன்.

ஜூன் மாதம், ஆக்லாந்தில் மழையும் குளிருமாக இருந்தபோது நாங்கள் புறப்பட்டோம். பாரிசில் ஒரு நாள் தூங்கி, ரெயிலில் மூன்று மணிநேரம் போய், ஒரு சின்ன ஊரில் இறங்கினோம். சைக்கிள் கடையில் எங்களுக்கு நான்கு பச்சைச் சைக்கிள்கள் தந்தார்கள். அந்த வட்டாரத்தில் வாடகைச் சைக்கிளெல்லாம் அதே பச்சைதான். என் மனைவியுடையதில் மட்டும் முன்னால் ஒரு கூடை இருந்தது. கடைக்காரன் ஹெல்மெட் வேண்டுமா என்று கேட்டான், இங்கே பெரியவர்களுக்குக் கட்டாயமில்லை என்றும் சொன்னான். நான் நால்வருக்கும் வாங்கி, ஒவ்வொருவருடைய வாரையும் நானே இழுத்துப் பார்த்தேன்.

அந்தக் கால்வாய்க்கரை படத்தில் இருந்தது போலவே இருந்தது. ஒரு காலத்தில் குதிரைகள் இந்தக் கரையில் நடந்துதான் படகுகளை இழுத்தனவாம். இரண்டு மூன்று கிலோமீற்றருக்கு ஒருதரம் படகுகளை ஏற்றி இறக்குகிற நீர்க்கதவு ஒன்று வரும். பக்கத்தில் ஒரு சின்ன வீடு, ஜன்னலில் சிவப்புப் பூச்சட்டி. கோதுமை வயல்கள் மஞ்சளாகிக்கொண்டிருந்தன. சிநேகிதன் ஒவ்வொரு நீர்க்கதவிலும் இறங்கி, அந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று எட்டிப் பார்த்தான். அவன் மனைவி போனில் படித்த பிரெஞ்சை எதிரில் வந்த எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தாள். என் மனைவி பாட்டு முணுமுணுத்தாள்.

நான் பார்த்தது வேறு. கரைக்கு வேலி இல்லை. மரவேர்கள் பாதையைக் கிளப்பி வைத்திருந்தன. ஒரு மணிநேரத்துக்கு ஒருதரம் பாதை ஏதாவது ஒரு ரோட்டைக் குறுக்கே கடந்தது; அங்கே கார்கள் நான் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து வந்தன. பத்தொன்பது வருடம் இடப்பக்கம் ஓட்டிய தலைக்கு இதைச் சொல்லிக் கொடுக்க முடியவில்லை. ஒவ்வொரு சந்தியிலும் "வலப்பக்கம், வலப்பக்கம்" என்று வாய்விட்டுச் சொன்னேன். எனக்காகச் சொல்லத் தொடங்கியது, பிறகு அவர்களுக்குக் கத்துவதாகிவிட்டது.

இரண்டாம் நாள் சாப்பாட்டு மேசையில் சிநேகிதனின் மனைவி சிரித்துக்கொண்டே சொன்னாள். "அண்ணே, நீங்க கத்துறதுல அந்த வாத்தெல்லாம் பறந்து போயிருச்சு லா. கொஞ்சம் சும்மா வாங்களேன்."

"கவனமா இருக்கிறதுக்குத்தானே சொல்லுறன் தங்கச்சி."

என் மனைவி சிரிக்கவில்லை. பாணைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

நான்காம் நாள் காலையில் ஒரு கற்பாலம் வந்தது. ஒடுங்கிய பாலம், ஒரு கார் போகலாம். மூவரும் ஏறிக்கொண்டிருந்தபோது எதிரில் ஒரு வெள்ளை வேன் திரும்பியது. மெதுவாகத்தான் வந்தது. இப்போது யோசித்தால் அது எங்களைக் கண்டு நின்றே விட்டது. ஆனால் அந்த நேரத்தில் என் மனைவியின் முன்சில்லு சற்று நடுவுக்குப் போனதை மட்டும்தான் நான் கண்டேன்.

"என்ன செய்யிறீர்? கண் தெரியேல்லையோ? சாகப் போறீரோ?"

என்னுடைய குரல் பாலத்தில் பட்டுத் திரும்பி வந்தது. வேனில் இருந்தவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். சிநேகிதனும் அவன் மனைவியும் வேறெங்கோ பார்த்தார்கள். நான் அவளிடம் அப்படிக் கத்தியதே இல்லை, நாலு பேருக்கு முன்னால் நிச்சயமாக இல்லை.

அவள் பாலத்துக்கு அங்கால் போய் இறங்கினாள். கூடையில் இருந்த தன் போனை எடுத்து என் பையில் போட்டாள்.

"இதையும் நீங்களே வச்சிருங்கோ. தண்ணிப் போத்தல், மருந்து, பாஸ்போட் எல்லாம் உங்களிட்டைத்தானே. நான் கொஞ்சம் தனிய ஓடப் போறன். மத்தியானம் சாப்பிடுற இடத்திலை நிப்பன்."

சாப்பிடுகிற இடம் எல்லோருக்கும் தெரியும். பதினாறு கிலோமீற்றர் தள்ளி, ஒரு நீர்க்கதவுக்குப் பக்கத்தில் உள்ள சின்னக் கடை. ஒரே கரை, ஒரே பாதை. அவள் ஏறி மிதித்தாள். நான் பின்னால் போகச் சைக்கிளை எடுத்தேன். சிநேகிதன் என் ஹாண்டிலைப் பிடித்தான்.

"விடு. கொஞ்சம் போகட்டும்."

அந்த வளைவில் அவளுடைய நீலச் சட்டை மறைந்தது. அதற்குப் பிறகு வந்த கிராமத்தில் பாண் வாங்க நின்றோம். தேவாலயம் ஒன்று திறந்திருந்தது, உள்ளே போய் இருந்தோம். சிநேகிதன் வேண்டுமென்றேதான் தாமதித்தான் என்று நினைக்கிறேன். ஒரு மணிநேரத்துக்கு மேல் போய்விட்டது. மறுபடியும் ஓடத் தொடங்கிச் சிறிது தூரத்தில் பாதையில் வேலை நடந்த அடையாளம் இருந்தது. புது மண், ஓரத்தில் ஒரு இயந்திரம், மஞ்சள் பலகை ஒன்று புல்லில் சாய்ந்து கிடந்தது. வேலைக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போகலாம் என்று கையைக் காட்டினார்கள். போனோம்.

கடைக்கு முன்னால் ஐந்து மேசைகள். ஒன்றிலும் அவள் இல்லை.

கழிவறைக்குப் போயிருப்பாள் என்று நின்றேன். பத்து நிமிடம். நீர்க்கதவின் மேல் ஏறி இரண்டு பக்கமும் பார்த்தேன். தண்ணீரையும் பார்த்தேன். தண்ணீர் பச்சையாக, கலங்கலாக, அடி தெரியாமல் இருந்தது. பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன்.

சிநேகிதனின் மனைவி கடைக்காரப் பெண்ணிடம் போனில் மொழிபெயர்த்துக் கேட்டாள். நீலச் சட்டை, பச்சைச் சைக்கிள், கூடை. அந்தப் பெண் தலையாட்டி மறுத்தாள். காலையிலிருந்து தனியாக ஒரு பெண்ணும் வரவில்லை. பிறகு ஏதோ நினைவு வந்து வெளியே வந்து, தூரத்தில் ஒரு மேட்டைக் காட்டி வேகமாகப் பேசினாள். போன் அதைத் துண்டு துண்டாகச் சொன்னது. காலையில் கரை மூடியிருந்தது. வந்தவர்களை எல்லாம் மஞ்சள் பலகை வைத்து மேலே ரோட்டால் அனுப்பினார்கள்.

ரோட்டால். என் மனைவி ஒன்றரை மணிநேரத்துக்கு முன்பே அந்த ரோட்டால் வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

அவளுடைய போன் என் பையில். எங்களுடைய போன்களில் பாரிஸ் விமான நிலையத்தில் வாங்கிய புது சிம்; அந்த நம்பர் எனக்கே பாடமில்லை, அவளுக்கு எப்படித் தெரியும்?

"நீ கரையாலை திரும்பிப் போய்ப் பார்" என்றான் சிநேகிதன். அவன் முகமும் மாறியிருந்தது. "ரோட்டாலை நான் போறன். இவ இஞ்சை நிக்கட்டும், ஒருவேளை வந்தாலும்."

என் பயம் எதைப் பற்றியது என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் நான் ரோட்டுக்குப் பயப்படுகிறேன் என்று நான்கு நாளில் விளங்கியிருந்தது.

"இல்லை. ரோட்டாலை நான்தான் போவன்."

"மச்சான்..."

"என்ரை மனுசி."

அவன் வழிவிட்டான். "அண்ணே, தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று அவன் மனைவி ஓடிவந்தாள். நான் நிற்கவில்லை.

ரோடு மேட்டில் ஏறியது. இரு பக்கமும் வயல், ஓரத்தில் சைக்கிளுக்கென்று இடமில்லை, வெள்ளைக் கோடு முடிந்ததும் புல். முதலில் ஒரு டிராக்டர் வந்தது. பிறகு ஒரு லொறி; அது கடந்து போன காற்றில் சைக்கிள் ஒரு முழம் நகர்ந்தது. என் கைகள் வேர்த்து ஹாண்டிலில் வழுக்கின. துவாய் இல்லை. சட்டையில் மாறி மாறித் துடைத்தேன். ஒவ்வொரு பள்ளத்தையும் பார்த்துக்கொண்டு போனேன். எதையெல்லாம் தேடுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. நீலம். பச்சை. ஒரு செருப்பு.

மேட்டின் நடுவில் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. காற்று பிரேக் விடுகிற சத்தம். அதை நான் தூக்கத்திலும் அறிவேன். திரும்பிப் பார்க்க முடியவில்லை, பார்த்தால் விழுந்துவிடுவேன். ஒரு பெரிய பஸ் என் முதுகுக்குப் பின்னால், என்னுடைய வேகத்தில், முதல் கியரில் ஊர்ந்து வந்தது. எதிரில் வளைவு, முந்துவதற்கு இடமில்லை. அவன் ஹார்ன் அடிக்கவில்லை. நான் மூச்சு வாங்கி மிதித்தேன். இப்போது இந்தச் சில்லு வழுக்கினால் அந்த ஆளின் கண்ணாடிக்குக் கீழே போய்விடுவேன், அவனுக்கு நான் தெரியமாட்டேன். நான் நினைத்தது என்னையல்ல, அந்த ஆளைத்தான்.

இறங்கிப் புல்லுக்குள் சைக்கிளை இழுத்துக்கொண்டு நின்றேன். பஸ் மெதுவாகக் கடந்தது. உள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஓட்டியது ஒரு பெண், என் வயதிருக்கும். ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து எனக்குக் காட்டினாள். நான் பதிலுக்குக் காட்டினேனா என்று நினைவில்லை. ஒரு நிமிடம் அப்படியே நின்றேன். பிறகு ஏறினேன்.

மேட்டின் உச்சியிலிருந்து கீழே ரோடு முழுவதும் தெரிந்தது. அடியில், ஒரு மரவரிசைக்குப் பக்கத்தில், சிவப்பு வண்டி நின்றது. அதன் மேல் நீல வெளிச்சம் சுற்றியது. தீயணைப்பு வண்டி என்று முதலில் நினைத்தேன். எங்கோ வைக்கோல் பற்றியிருக்கும் என்று ஒரு கணம் ஆறுதலும் வந்தது. பிறகு அவர்கள் ஸ்ட்ரெச்சர் இறக்குவதைக் கண்டேன். அந்த நாட்டில் அடிபட்டவர்களைத் தூக்க வருவதும் அந்தச் சிவப்பு வண்டிதான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

பள்ளத்தில் ஒரு பச்சைச் சைக்கிள் கிடந்தது.

நான் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. பிரேக் பிடித்த நினைவு இல்லை. அண்மையில் வந்ததும் சைக்கிளை அப்படியே ரோட்டில் விட்டுவிட்டு ஓடினேன். குந்தியிருந்தவர்களுக்கு நடுவில் இரண்டு கால்கள் தெரிந்தன, முகம் தெரியவில்லை. சீருடை போட்ட ஒரு பெண் எழுந்து என் நெஞ்சில் கையை வைத்து மறித்தாள்.

"வைஃப்" என்றேன். "மை வைஃப். என்ரை மனுசி. விடுங்கோ."

"இஞ்சை நிக்கிறன்."

குரல் பின்னாலிருந்து வந்தது. திரும்பினேன். மரத்தடியில், தன் சைக்கிளுக்குப் பக்கத்தில், என் மனைவி எழும்பிக்கொண்டிருந்தாள். சைக்கிளின் கூடைக்குள் அவளுடைய ஹெல்மெட். சட்டையின் முன்பக்கம் முழுவதும் ரத்தம்.

அவளுடைய தலையைத் தடவினேன், கைகளைத் தூக்கிப் பார்த்தேன், முதுகைப் பார்த்தேன்.

"என்ரை ரத்தமில்லை. இஞ்சேருங்கோ, என்னைப் பாருங்கோ. எனக்கு ஒண்டுமில்லை."

நடந்தது இதுதான். மஞ்சள் பலகை காட்டியபடி அவள் ரோட்டில் ஏறியிருக்கிறாள். அவளுக்கு முன்னால் ஒரு ஒல்லாந்துக்காரர், தனியாக, எங்களைப் போலவே வாடகைச் சைக்கிளில். இந்த இடத்தில் அவருடைய சில்லு ரோட்டின் உடைந்த விளிம்பில் இறங்கி, ஆளைத் தூக்கிப் பள்ளத்தில் போட்டது. என் மனைவி இறங்கி ஓடியிருக்கிறாள். கழுத்தை அசைக்கக்கூடாது என்று அவளுக்குத் தெரியும், வேலையில் படிப்பித்திருந்தார்கள். முழங்காலில் நின்று அவருடைய தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அதற்கு முன்பே அவருடைய போனை, அவருடைய விரலை வைத்துத் திறந்து, அவசர நம்பருக்கு அடித்துப் பக்கத்தில் புல்லில் வைத்திருந்தாள். இடத்தின் பெயர் தெரியாததால் ஆங்கிலத்தில் கால்வாய், மேடு, மரம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த ஆட்கள் இடத்தைக் கண்டுபிடித்து வர ஒரு மணிநேரத்துக்கு மேல் ஆனது. வந்த பிறகும் அவரை அசைக்காமல் கட்டித் தூக்குவதற்கு நெடுநேரம் எடுத்தது.

"அவர் நித்திரையாப் போகப் பாத்தார். என்னோடை கதை, ஏதாவது கதை எண்டு கேட்டார். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் எல்லாம் கதைச்சு முடிஞ்சுது. பேந்து தமிழிலை செபமாலை சொன்னன். அவர் கண்ணைத் திறந்து வச்சுக் கேட்டுக்கொண்டிருந்தார்."

அவரை ஏற்றினார்கள். கதவு சாத்துவதற்கு முன் அவருடைய கை போர்வைக்கு வெளியே வந்து ஏதோ தேடியது. என் மனைவி போய் அதைப் பிடித்து உள்ளே வைத்தாள். வண்டி போனது. ரோடு திடீரென்று வெறுமையாகிவிட்டது. ஒரு குருவி மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

நான் புல்லில் இருந்துவிட்டேன். அவள் என் முன்னால் குந்தி, நோயாளிக்குப் பிடிப்பது போல் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். அப்போதுதான் சொன்னேன். மழை, மஞ்சள் ஜாக்கெட், கண்ணாடிக்குக் கீழே தெரியாமல் போன அந்த நாலைந்து நொடி, துவாய், எண்ணிக்கை எல்லாம். ஒழுங்காகச் சொல்லவில்லை. முன்னுக்குப் பின்னாகச் சொன்னேன்.

முடிந்ததும் கேட்டாள்.

"எப்ப நடந்தது?"

"ஒரு வருசமாகப் போகுது."

"ஒரு வருசமா என்னட்டைச் சொல்லேல்லை."

"அவளுக்கு ஒண்டும் நடக்கேல்லை. என்னத்தைச் சொல்லுறது?"

அவள் புல்லைப் பிடுங்கிக் கொண்டிருந்தாள். "நான் என்ன நினைச்சன் தெரியுமோ? எனக்கு வயசு போட்டுது, இனி ஒண்டும் ஏலாது எண்டு நீங்கள் முடிவெடுத்திட்டியள் எண்டு நினைச்சன். மாங்கரேயிலை துடங்கி. நான் கார் ஓடேக்கை பக்கத்திலை இருந்து பிரேக் பிடிக்கிற மாதிரிக் காலை அழுத்துவியள். கடைக்கு நடந்து போனாலும் போன் அடிப்பியள். என்னிலை நம்பிக்கையில்லை எண்டுதான் நினைச்சன்."

அப்படி அவள் நினைத்திருப்பாள் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. அவளைக் காப்பாற்றுவதாகத்தான் நான் எண்ணியிருந்தேன். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் அழுதாள், கொஞ்ச நேரம்தான். அழுதுகொண்டே கோபப்பட்டாள். "பாலத்திலை கத்தினது பிழை. அதுக்கு இந்தக் கதை சாட்டில்லை" என்றாள். இல்லை என்றேன்.

கடைவரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். ஐந்து கிலோமீற்றர் இருக்கும். சிநேகிதன் கரையால் போய் ஒன்றும் காணாமல் திரும்பியிருந்தான். அவளுடைய சட்டையைக் கண்டதும் அவன் கதிரையைத் தள்ளி விழுத்திக்கொண்டு எழும்பினான். விஷயம் தெரிந்த பிறகு அவளை ஏசத் தொடங்கினான், பாதியில் நிறுத்தித் தண்ணீரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான். தான்தான் என்னைப் பின்னால் போகவிடாமல் பிடித்தவன் என்பது இவ்வளவு நேரமும் அவனை அரித்திருக்கிறது.

"அக்கா, முதல்ல அந்தச் சட்டைய மாத்துங்க" என்று அவன் மனைவி தன்னுடைய சட்டையைக் கொடுத்து அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். சமையலறை மூடியிருந்தது. இருந்தும் கடைக்காரப் பெண் முட்டை பொரித்துப் பாணோடு கொண்டுவந்து வைத்தாள். நாங்கள் நால்வரும் சாப்பிட்டோம்.

மிச்சம் மூன்று நாள் இருந்தது. நான் திருந்திவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். சிநேகிதனுக்கும் அவன் மனைவிக்கும் விஷயத்தைச் சொன்னேன். சொன்ன பிறகு கத்துவது குறைந்தது, பயம் குறையவில்லை. ஆறாம் நாள் ஒரு ஊருக்குள் பெரிய சுற்றுவட்டச் சந்தி வந்தது. கார்கள் இடமிருந்து சுற்றி வந்துகொண்டே இருந்தன. எனக்குக் கால் வரவில்லை. இறங்கினேன். சிநேகிதனின் மனைவியும் இறங்கினாள். "வாங்க அண்ணே, நம்ம ரெண்டு பேரும் நடந்தே போவோம். நானும் காடி ஓட்டப் பழகுறப்ப இப்படித்தான்" என்று பாதசாரிக் கடவையால் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். பின்னால் யாரும் சிரிக்கவில்லை. அன்று பின்னேரம் மழை பிடித்து, கடைசிப் பத்துக் கிலோமீற்றரை ரெயிலில் போனோம். அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஒல்லாந்துக்காரருக்கு என்ன ஆனது என்று எங்களுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தோம். சொந்தக்காரர் இல்லாதவர்களுக்குச் சொல்ல முடியாது என்றார்கள். அவருடைய பெயரைக்கூட என் மனைவி கேட்டிருக்கவில்லை. ஞாயிறு பூசையில் நோயாளிகளுக்காகச் செபிக்கும்போது அவள் வாய் அசைவதைப் பார்க்கிறேன். அவருக்கு என்ன பெயர் வைத்திருக்கிறாளோ தெரியாது.

ஆக்லாந்துக்கு வந்து இரண்டாவது கிழமை டொக்டரிடம் போனேன். அவள் கூட வந்தாள். டொக்டர் ஆச்சரியப்படவில்லை, இப்படி வருகிற டிரைவர்கள் பலர் என்றார், ஆட்களோடு பேசிச் சரிசெய்கிற ஒருவரிடம் அனுப்பினார். மேலாளரிடம் சொல்லத்தான் அதிகம் பயந்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, தனக்கும் ஒரு காலத்தில் ஒன்று நடந்தது என்று தொடங்கினார். இப்போதைக்கு டிப்போவுக்குள் ஷிஃப்ட் பிரிக்கிற வேலை. மறுபடி எப்போது ஓட்டுவேன், ஓட்டுவேனா என்பது இன்னும் முடிவாகவில்லை. காலையில் பஸ்கள் வரிசையாக வெளியே போகும்போது நான் ஜன்னலருகில் நின்று ஒவ்வொன்றையும் பார்க்கிறேன்.

என் மனைவி ஒரு சைக்கிள் வாங்கினாள். சனிக்கிழமைகளில் பாபடோயிட்டோயிலிருந்து மாங்கரேக்குப் போய்க் கடற்கரையோரம் ஓடிவிட்டு வருகிறாள். வாங்கோ என்று கூப்பிடுவாள்; சில சனிக்கிழமை போகிறேன், சிலவற்றில் இல்லை. போகாத நாட்களில் பத்தரைக்கு வருவேன் என்று சொல்லிவிட்டுப் போவாள். போன் கொண்டு போவாள். நான் அடிக்கக்கூடாது என்று எங்களுக்குள் பேச்சு.

இன்றைக்கும் போயிருக்கிறாள். மணி பத்து ஐம்பது. காற்று பலமாக இருக்கிறது, எதிர்க்காற்றில் திரும்பி வர நேரம் பிடிக்கும். இரண்டுதரம் கேற்றடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். போன் மேசையில் இருக்கிறது. எடுக்கவில்லை. மீன்குழம்புக்குப் புளி கரைத்து வைத்துவிட்டேன், வெங்காயமும் வெட்டியாயிற்று. இனிச் சோற்றைப் போடலாம்.